2 மி.மீ பலகை, 150 டிகிரி சூடு... கிட்டாரின் இடுப்பு வளைவது இப்படித்தான்!

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களைப் பார்த்திருக்கிறீர்களா? வாகையோ தேக்கோ, ஒரு கட்டையை எடுத்துவைத்துக்கொண்டு உளியும் கொட்டாப்புளியுமாக ஒருவர் உட்கார்ந்தால், கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள்ளிருந்து ஒரு பிள்ளையார் எழுந்து வருவார். தலைமுறை தலைமுறையாக நடக்கும் இந்த வேலைக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாமி சிலையோ வாசல் கதவோ, அடிப்படை ஒன்றுதான். வேண்டாத மரத்தை எடுத்துவிட வேண்டும். மிச்சம் இருப்பதுதான் சிற்பம்.

இப்போது ஒரு அகூஸ்டிக் கிட்டாரை மனதில் கொண்டுவாருங்கள். கரன்ட் இல்லாமல் வாசிப்பது, நடுவில் வட்ட ஓட்டை இருப்பது, அதேதான். முன்னால் ஒரு முகப்பலகை, பின்னால் ஒரு முதுகுப்பலகை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி எட்டு போல சுற்றிவருகிறதே, அந்த ஓரச்சுவர்தான் பக்கப்பலகை. தோளில் ஒரு வளைவு, இடுப்பில் உள்பக்கமாக ஒரு ஒடுக்கம், கீழே பெரிதாக ஒரு வளைவு. பார்க்கிற பலர், இதையும் யாரோ கட்டையிலிருந்து அறுத்து எடுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறார்கள்.

இல்லை. அது ஒரு காலத்தில் ஸ்கேல் மாதிரி நேராக இருந்த பலகை. சூடு காட்டி, கையால் வளைத்திருக்கிறார்கள். சிற்பி மரத்தைக் குறைக்கிறார் என்றால், கிட்டார் செய்பவர் மரத்தைச் சம்மதிக்க வைக்கிறார். இரண்டும் மரவேலைதான். ஆனால் இரண்டுக்கும் தேவைப்படும் பயம் வேறு வேறு!

நாம் ஏன் குடைந்தோம்?

தமிழ்நாட்டு வாத்தியங்களை வரிசையாக யோசித்துப் பாருங்கள். தஞ்சாவூர் வீணை, பலாக்கட்டையைக் குடைந்து செய்வது. ஒரே கட்டையில் குடம், தண்டி என எல்லாமும் வந்துவிட்டால் அதற்கு ஏகாண்ட வீணை என்று தனி மரியாதை. மிருதங்கம் குடைந்தது. தவில் குடைந்தது. வட்டமாக இருக்கும் பறையைக்கூட, வில் மாதிரி அறுத்த மரத்துண்டுகளை இணைத்துத்தான் சட்டமாக்குகிறார்கள். மாட்டு வண்டிச் சக்கரமும் அப்படித்தான். வட்டையைத் துண்டு துண்டாக வளைவாகச் செதுக்கி, கோத்து, மேலே இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவார்கள்.

அதாவது வளைவு வேண்டுமென்றால் நம் ஆசாரிகளுக்கு இரண்டு வழி இருந்தது. குடை, இல்லையென்றால் கோத்து இணை. பண்ருட்டிப் பக்கம் பெருங்கட்டையாகப் பலா கிடைக்கும்போது, மெல்லிய பலகையை நெருப்பில் காட்டி மல்லுக்கட்ட என்ன அவசியம்? குடைந்த வாத்தியம் பல வருஷம் தாங்கவும் செய்கிறது.

வளைக்கும் வேலை நமக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை. மூங்கிலை அனலில் வாட்டி வளைப்பது நம்மிடம் பழைய வித்தை. பிரம்பு நாற்காலிக் கடை வாசலில் நின்று பார்த்தால், நெருப்பைக் காட்டிக் காட்டி பிரம்பை நாற்காலியின் கைப்பிடியாக மடக்குவதைப் பார்க்கலாம். அதே தத்துவம்தான் கிட்டாரிலும். ஆனால் பிரம்பு பிறவியிலேயே வளைந்து கொடுக்கிற ஜாதி. 100 வருஷம் நின்ற மரத்தின் நெஞ்சுப் பலகை அப்படியல்ல.

இன்னொன்று, வளைத்த மரம் நம் கச்சேரி மேடைக்கு வந்து 200 வருஷம் ஆகிறது. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் கர்னாடக இசைக்குள் வந்த வயலின் இருக்கிறதே, அதன் ஓரச்சுவரும் சூட்டில் வளைத்த மேப்பிள் பலகைதான். கனம் சுமார் 1 மில்லிமீட்டர். வாத்தியத்தை நமதாக்கிக் கொண்டோம். மடியில் சாய்த்து, தரையில் உட்கார்ந்து வாசிக்கும் முறையையே புதிதாக உண்டாக்கினோம். அதைச் செய்யும் வித்தை மட்டும் அந்த அளவுக்குப் பரவவில்லை.

மரத்துக்குள் என்ன நடக்கிறது?

மரம் என்பது நுண்ணிய குழாய்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி, இடையில் பசை ஊற்றினாற்போன்ற பொருள். குழாய்ச் சுவர்கள் செல்லுலோஸ் என்ற நாரால் ஆனவை. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பசைக்கு லிக்னின் என்று பெயர். சாதாரண வெப்பத்தில் லிக்னின் கெட்டி. அதனால்தான் பலகையை வளைத்தால் ஒரு அளவுக்கு மேல் 'டப்'பென்று முறிகிறது. சூடு ஏறும்போது அது இளகும். கூடவே ஈரமும் இருந்தால் இன்னும் சீக்கிரமாக, தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்குப் பக்கத்திலேயே இளக ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் வழுக்கி நகரும். ஆறியதும் லிக்னின் மறுபடி இறுகி, நார்களைப் புது இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். மரத்தைப் பொறுத்தவரை, நூற்றைம்பது டிகிரியில் வளையும்.

ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மொத்தத் தொழிலின் பாதி புரிந்தமாதிரி. ஒரு பலகையை வளைக்கும்போது உள்பக்கம் நசுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. சூடான ஈர மரம் நசுங்குவதற்குத் தாராளமாக ஒத்துக்கொள்ளும். இழுபடுவதற்குத்தான் முரண்டு பிடிக்கும். நூற்றில் ஒன்று, இரண்டு பங்குக்கு மேல் நீட்டினால் நார் பிய்ந்துவிடும்.

2 மி.மீ கனமுள்ள பலகையை 75 மி.மீ ஆரமுள்ள வளைவில் மடக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் இழுபடுவது சுமார் 1.3 சதவீதம். பிழைத்துக்கொள்ளும். சில கிட்டார்களில் கை மேலே எட்டுவதற்காகத் தோளில் ஒரு பக்கம் வெட்டி எடுத்தாற்போல் வளைவு இருக்கும், கவனித்திருப்பீர்கள். அங்கே ஆரம் 25 மி.மீ வரைகூடக் குறுகும். கணக்குப்படி 4 சதவீதம் இழுபட வேண்டும். சும்மா வளைத்தால் உடைவது நிச்சயம்.

அப்புறம் எப்படி வளைக்கிறார்கள்? பலகையின் வெளிப்பக்கத்தோடு மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை ஒட்டினாற்போல் வைத்து, இரண்டையும் சேர்த்தே வளைப்பார்கள். தகடு நீளாது. அதோடு இறுக்கிப் பிடித்த மரத்தின் வெளிப்பக்கமும் அதிகம் நீள முடியாது. அப்போது வளைவுக்கான கணக்கையெல்லாம் உள்பக்கம் நசுங்கித்தான் தீர்க்க வேண்டும். நசுங்குவதில்தான் மரத்துக்குப் பிரச்னை இல்லையே!

இந்தத் தந்திரத்தைப் பெரிய அளவில் பயன்படுத்தியவர் நாற்காலிக்காரர் ஒருவர். ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் தொழில் செய்த மைக்கேல் தோனெட். 1859-ல் இவர் கொண்டுவந்த 14-ம் எண் நாற்காலி, ஆவியில் வெந்த பீச் மரக்கட்டைகளை இரும்புப் பட்டையோடு சேர்த்து வளைத்துச் செய்தது. பழைய கபே படங்களில் வருமே, முதுகில் வளையம் வைத்த நாற்காலி. அதுதான்.

கனமும் சாதாரண விஷயமில்லை. பலகையின் விறைப்பு, கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 2 மி.மீ-க்குப் பதில் இரண்டரை மி.மீ விட்டுவிட்டால், விறைப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதனால் வளைப்பதற்கு முன்பு இழைத்து இழைத்து, அளவுக் கருவியால் இடம் இடமாகத் தொட்டுப் பார்ப்பதிலேயே நேரம் போகும். ஒரே ஒரு இடம் மெலிந்திருந்தாலும், மொத்த வளைவும் அங்கேயே போய் உட்கார்ந்து, முழங்கை மாதிரி மடங்கிவிடும்.

சுடு குழாயின் முன்னால்...

பாரம்பரிய முறைக்குத் தேவையான கருவி, பார்க்க ரொம்பவே சாதாரணம். முட்டை வடிவத்தில் கொஞ்சம் நசுங்கிய ஒரு உலோகக் குழாய். மேசை விளிம்பில் இறுக்கிப் பிடித்திருக்கும். முன்பு உள்ளே கரியோ நெருப்போ வைத்துச் சூடாக்கினார்கள். இப்போது பெரும்பாலும் மின்சாரச் சூடேற்றி.

சூடு போதுமா என்று எப்படித் தெரியும்? நம் வீட்டில் தோசைக்கல்லுக்குச் செய்வதேதான். தண்ணீரைத் தெளிக்க வேண்டும். 'சொய்'யென்று சோம்பலாக ஆவியானால் சூடு போதவில்லை. முத்து முத்தாக உருண்டு ஓடினால் தயார். தோசை வார்க்கத் தெரிந்த கைக்கு இந்தப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும் என்பது என் கட்சி.

சுமார் 80 சென்டிமீட்டர் நீளம், ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான பலகை. இரண்டு பக்கமும் லேசாகத் தண்ணீர் தெளித்து, எங்கே இடுப்பு வர வேண்டுமோ அங்கே பென்சில் கோடு போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலோர் தொடங்குவது இடுப்பில்தான். அது ஓர் அங்குலம் தள்ளிப்போனாலும் மற்ற இரண்டு வளைவுகளும் அச்சில் பொருந்தாது.

பலகையைக் குழாய்மேல் வைத்து, அழுத்தக் கூடாது. சாய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டியபடி காத்திருக்க வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. பலகை பலகையாகவே இருக்கும். ஆவி வரும், மர வாசனை வரும். ஈட்டி மரமாக இருந்தால் அந்த வாசனை கொஞ்சம் இனிப்பாகவே இருக்கும். பிறகு ஒரு கணத்தில் கைக்கு அடியில் மரம் தன் எதிர்ப்பைக் கைவிடும். உறைந்த வெண்ணெய் கத்திக்கு வழிவிடுவதைப்போல. அந்த நொடியைக் கை உணர்ந்தால், பலகையைக் கொஞ்சம் கொண்டுவரலாம். கொஞ்சம்தான். உடனே குழாயில் அடுத்த இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும்.

அந்த நொடிக்கு முன்னால் அழுத்தினால் முறியும். அந்த நொடியைத் தாண்டி அங்கேயே நிறுத்தினால் கருகும். ஈரம் குறைந்தால் வெடிக்கும். ஈரம் அதிகமானால் பலகை அலை அலையாக நெளிந்துவிடும், குறுக்கே குழிந்தும் போகும். ஈட்டி மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. நனைந்தால் கருஞ்சிவப்புச் சாயம் விடும். பக்கத்தில் வெளிர் நிற மரம் இருந்தால் அதுவும் பாழ்.

இடுப்பு முடிந்ததும் பலகையைத் திருப்ப வேண்டும். தோளும் கீழ்ப்பகுதியும் இடுப்புக்கு எதிர்த்திசையில் வளைபவை. ஒரே பலகையில் ஓரிடத்தில் உள்பக்கம் நசுங்க வேண்டும், அடுத்த சாணில் அதே பக்கம் இழுபட வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் எடுத்து எடுத்து, கீழே வரைந்து வைத்த உருவத்தின் மேல் நிறுத்திப் பார்ப்பார்கள். கொஞ்சம் அதிகமாக மடங்கிவிட்டதா? கவலையில்லை, மறுபடி சூடுகாட்டி விரிக்கலாம். மரம் அந்த அளவுக்கு மன்னிக்கும். முறிவைத்தான் மன்னிக்காது.

இங்கேதான் கள்ளக்குறிச்சிச் சிற்பிக்கும் கிட்டார் செய்பவருக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. உளி கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் சிற்பி அந்த இடத்துக்கு ஒரு மாலையோ மடிப்போ கொடுத்துச் சமாளிக்கலாம். கிட்டாரில் அப்படி ஒரு சந்துபொந்து கிடையாது. இடது, வலது என இரண்டு பக்கப்பலகைகளும் ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த அப்பளங்கள். புத்தகத்தை விரித்தாற்போல ஒன்றின் ரேகை இன்னொன்றின் கண்ணாடி பிம்பமாக இருக்கும். ஒன்று முறிந்தால் ஜோடி போச்சு. அதே ரேகை உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது.

அதனால் பலகையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வெற்றி. வெட்டுமுகத்தில் பார்த்தால் ரேகைகள் கனத்தின் குறுக்கே நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். நீளவாக்கில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறிவிடக் கூடாது. புலிக்கோடு மாதிரி அலையலையாக மின்னும் மேப்பிளைப் பார்த்து வாங்குகிறவர்கள் சொக்கிப்போவார்கள். வளைக்கிறவர்களுக்கு அதைக் கண்டால் வயிற்றைக் கலக்கும். அந்த அலை என்பதே நார் மேலும் கீழுமாக ஓடுவதுதான். ஒவ்வொரு அலையும் முறிவதற்குத் தயாரான ஓர் இடம்.

குழாயிலிருந்து எடுத்ததும் வேலை முடியாது. ஆறும்போது மரத்துக்குப் பழைய ஞாபகம் வரும், வளைவு கொஞ்சம் விரியும். அதைத் தடுக்க அச்சுக்குள் வைத்து கிளாம்ப் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். காலையில் பிரித்தால் எவ்வளவு விரிகிறது என்பது மரத்துக்கு மரம் மாறும். பிறகு உள்பக்க விளிம்புகளில் வரிசையாக ரம்பக் கீறல் போட்ட மெல்லிய உள்பட்டையை ஒட்டுவார்கள். இல்லையென்றால் 2 மி.மீ விளிம்பில் முகப்பலகை எப்படி நிற்கும்? கீறல் போட்ட பட்டைக்குச் சூடே வேண்டாம், சட்டென வளைந்துகொடுக்கும். கிட்டாரின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் பல்லு பல்லாகத் தெரிவது இதுதான்.

இயந்திரம் வந்தால் கை எதற்கு?

1970-களில் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் சார்லஸ் ஃபாக்ஸ் ஒரு பெட்டியை உருவாக்கினார். கிட்டார் உருவத்தில் ஓர் அச்சு, அடியில் சூட்டுக்குச் சாதாரண குண்டு பல்புகள், பலகையை நடுவில் வைத்துப் பிடிக்க இரண்டு எஃகுத் தகடுகள், இடுப்பை அழுத்த மேலே ஒரு திருகு. பின்னாளில் பல்புகளின் இடத்தை சிலிக்கான் சூட்டுப் போர்வை பிடித்துக்கொண்டது. ஈரக் காகிதமும் அலுமினியத் தாளும் சுற்றி, இலைக் கொழுக்கட்டை மாதிரி பலகையைப் பொதிந்து உள்ளே வைத்தால், சுமார் 150 டிகிரியில் சில நிமிடங்களில் வளைந்துவிடும். உலகெங்கும் சிறு பட்டறைகள் இன்று பயன்படுத்துவது பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் பெட்டியில் வளைத்த பலகையையும் கடைசியாகச் சரிபார்க்க சுடு குழாய்க்குத்தான் கொண்டுபோகிறார்கள்.

'இவ்வளவு கஷ்டப்பட்டு வளைக்கும் பக்கப்பலகைதான் கிட்டாரின் ஓசையைத் தீர்மானிக்கிறதா?' என்று கேட்டால், பதில் கொஞ்சம் சங்கடமானது. இன்றைய கிட்டாரின் உருவத்தை நிலைநிறுத்தியவர் ஸ்பெயினின் அந்தோனியோ தே தோரஸ். ஓசையின் பெரும்பங்கு முகப்பலகையில்தான் இருக்கிறது என்று நிரூபிக்க, 1862-ல் முதுகையும் பக்கங்களையும் அட்டையால் செய்து ஒரு கிட்டார் உருவாக்கினார் மனிதர்! பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. ஆனால் அட்டைக் கிட்டாரை அப்புறம் யாரும் தொழிலாகச் செய்யவில்லை. நரம்புகளின் இழுவையைத் தாங்கி, வாத்தியத்தின் உருவத்தை பல பத்தாண்டுகள் காப்பாற்றும் எலும்புக்கூடு பக்கப்பலகைதான்.

வளைவது நம் மரம்!

உலகின் நல்ல கிட்டார்களின் முதுகிலும் பக்கத்திலும் அதிகம் காணப்படும் மரங்களில் ஒன்று, நம் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். முதலில் அந்த இடம் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டுக்கு இருந்தது. பிரேசில் கட்டை ஏற்றுமதியை இறுக்கிய பிறகு, 1833-ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். நல்ல கனம், நல்ல ஓசை, அதோடு சூட்டுக்குச் சொன்னபடி கேட்கும் சுபாவம். வளைப்பதற்கு ஈட்டி ஒரு சமர்த்துப் பிள்ளை.

அந்தச் சமர்த்தே அதற்கு ஆபத்தானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரம் பருத்து வளர பல பத்தாண்டுகள் பிடிக்கும். தமிழ்நாடு அரசு 1994-ல் ஈட்டிக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது என்றது. 2017 ஜனவரியில் உலக வன உயிர் வணிக ஒப்பந்தமான சைட்டீஸ், ரோஸ்வுட் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. தன் கிட்டாரோடு எல்லை தாண்டவே இசைக்கலைஞர்கள் பயந்த காலம் அது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்து, அது அமலுக்கு வந்த தேதி 2019 நவம்பர் 26. விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கப்பட்டதும் அதே நாள்தான். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை!

இந்த விலக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முடித்த வாத்தியத்துக்குச் சலுகை, மரத்துக்குக் கட்டுப்பாடு. அதாவது சட்டமே, மரத்தை மரமாக அனுப்பாதே, வாத்தியமாக்கி அனுப்பு என்று சொல்கிறது. நாமோ இன்னமும் அறுத்த பலகை ஜோடிகளாகவே அனுப்புகிறோம். அது வெளிநாட்டில் வளைந்து, பாலிஷ் ஏறி, லட்சங்களில் விலைச்சீட்டு தொங்க நம் ஊர் ஷோரூமுக்கே திரும்பி வருகிறது. பலகைக்கும் வாத்தியத்துக்கும் நடுவில் இருப்பது 2 மி.மீ மரத்தை வளைக்கத் தெரிந்த கை. கொல்கத்தாவின் கிவ்சன் போன்றவை மலிவு விலையில் எத்தனையோ பேருக்கு முதல் கிட்டாரைக் கொடுத்தன. ஆனால் அது தொழிற்சாலை வேலை. முழு மரத்தைக் கையால் வளைத்துச் செய்பவர்கள் இந்தியாவில் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவரான எரிசா நியோகியின் பட்டறை இருப்பது ஆரோவில்லில். பழைய விழுப்புரம் மாவட்டக் கணக்கில் பார்த்தால், கள்ளக்குறிச்சிக்கு உள்ளூர்க்காரர்!

கள்ளக்குறிச்சியை நான் இதில் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ரேகை படிக்கத் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே பிளக்கும், எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்பவர்கள் சிற்பிகள். கிட்டார் செய்ய வருகிற ஒருவருக்கு வருஷக்கணக்கில் பிடிபடாதது இதுதான். வளைப்பது புதிய வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: காற்றில். வளைத்த பலகைகளைச் சேர்த்துப் பெட்டியாக மூடும்போது காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். கள்ளக்குறிச்சியின் சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் அந்த எல்லைக்குள் அடக்க முடியுமா? மேற்கே கல்வராயன் மலை ஏறினால் வெயில் குறையும். ஆனால் மழைக்காலத்து மூட்டத்தில் ஈரம் ஏறிக்கொள்ளும். ஈரமான நாளில் மூடிய கிட்டார், காய்ந்த ஊருக்குப் போனால் சுருங்கி விரிசல் விடும். தடிமனாகக் குடைந்த வீணை இதையெல்லாம் பெரிதாகச் சட்டை செய்யாது. 2 மி.மீ பலகை சட்டை செய்யும். ஆகவே சுடு குழாய்க்கு முன்பே ஒரு மூடிய அறை, ஈரமானி, ஈரமுறிஞ்சி இயந்திரம் என்று செலவு தொடங்கிவிடுகிறது. தனி ஒரு சிற்பியின் பட்டறைக்கு இது பெரிய தொகை. கூட்டுறவுச் சங்கமோ பயிற்சி மையமோ போட்டால்தான் உண்டு.

மரத்துக்கு ஈட்டியைத்தான் தேட வேண்டும் என்றில்லை. ஹவாய் தீவுகளில் கிட்டாரின் குட்டித் தம்பியான உகுலேலேயை மாமரத்தில் செய்கிறார்கள். மங்கிபாட் என்ற மரத்திலும் செய்கிறார்கள். மங்கிபாட் என்றால் ஏதோ வெளிநாட்டு அபூர்வம் என்று நினைக்காதீர்கள். நம் சாலையோரத்தில் நிழல் கொடுத்து நிற்கிற தூங்குமூஞ்சி மரம்தான் அது! சாலை அகலப்படுத்தும்போது வெட்டி, பெரும்பாலும் விறகாக எடை போட்டுவிடுகிறோம். உகுலேலேயின் பக்கப்பலகை சின்னது, மெல்லியது. முறிந்தாலும் நெஞ்சு வெடிக்காது. கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான இடம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இழைப்பது எந்த மரமானாலும் மாஸ்க் அவசியம். ஈட்டியின் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையைக் கிளப்பும்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கை பரபரக்கிறதா? சுடு குழாய் வேண்டாம், சமையலறை போதும். வீட்டில் சேர்ந்திருக்கும் ஐஸ் குச்சிகளில் ரேகை நேராக ஓடுகிறவையாகப் பார்த்து ஐந்து எடுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். இடுக்கியால் எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு முனைகளையும் பிடித்து மெதுவாக வளையுங்கள். அவசரப்பட்டால் வெளிப்பக்கத்தில் நார் கிளம்புவது கண்ணுக்கே தெரியும். ஐந்தில் ஒன்றிரண்டு அப்படித்தான் போகும். வளைந்ததை ஒரு டம்ளருக்குள், சுவரை ஒட்டி வளையல் மாதிரி படியவைத்து இரவு முழுக்க காயவிடுங்கள். காலையில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். டம்ளருக்குள் இருந்ததைவிடக் கொஞ்சம் விரிந்திருக்கும்.